உப்புப் பாத்தி என்று நான் சொன்ன படம்

மாதா கோயில் திருநாளுக்கு முந்திய வாரம் எங்கள் பங்கு மண்டபத்தில் ஒரு படக் கண்காட்சி வைத்தார்கள். சிலாபத்துப் பக்கமிருந்து வந்த ஒரு பெண்பிள்ளை எடுத்த படங்கள். சுவரைச் சுற்றி இருபது படம். ஒன்றின் கீழும் எழுத்துக் கிடையாது. என்ன பொருளென்று கண்டுபிடித்து ஒரு துண்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். நான் படம் பார்க்கப் போனவனில்லை. பூசை முடிந்து வெளியே வந்தால் மண் கொதிக்கிறது, மண்டபத்துக்குள் பெரிய விசிறி ஓடுகிறது என்று போனவன்.

முதல் படத்துக்குக் கடல் என்று எழுதினேன், விமானத்திலிருந்து எடுத்தது. இரண்டாவது, தீப்பிடித்த மலை. மூன்றாவது, யானையின் முதுகுத் தோல். இருபதுக்கும் ஒரு சந்தேகமும் இல்லாமல் எழுதிக் கொடுத்துவிட்டு நின்றேன். அந்தப் பிள்ளை துண்டை வாசித்து, சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் சிரித்துவிட்டது. கடல் என்று நான் சொன்னது ஆறிப்போன பருப்புக் கறியின் மேல் படிந்த ஆடை. மலை, பாண் ரொட்டியின் கருகிய ஓரம். யானை, ரப்பர் செருப்பின் குதிப் பக்கம். எல்லாவற்றையும் கண்ணுக்கு மிகக் கிட்ட வைத்து எடுத்திருக்கிறது.

"குறை நினைக்காதீங்க அங்கிள். எல்லாம் நீங்க ஒவ்வொரு நாளும் பாக்கிற சாமான்தான்" என்றது.

எனக்கு முகம் சுண்டிப்போனது. காரணம் இருக்கிறது. நான் உப்பளத்தில் மேற்பார்வைக்காரன். இருபத்தைந்து வருடமாகப் பார்ப்பதுதான் என் தொழில். பாத்தியின் மண்ணைப் பார்த்தே தண்ணீர் விடலாமா, இன்னும் காய வேண்டுமா என்று சொல்வேன். தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே எத்தனை நாளில் உப்பு விளையும் என்று சொல்வேன். அப்படிப்பட்டவனுக்கு, காலையும் மாலையும் தின்கிற பாண் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து பாணை எடுத்து வைத்து, அதன் ஓரத்தை வெகுநேரம் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் யாராவது இருந்திருந்தால் இவருக்கு வெயில் பிடித்துவிட்டது என்று சொல்லியிருப்பார்கள். யாரும் இல்லை.

என் மனைவி இத்தாலியில் இருக்கிறாள். போய் ஒன்பது வருடம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இந்தக் கரையில் பாதி வீடு இத்தாலியில் கட்டியது என்று பகிடியாகச் சொல்வார்கள். எங்கள் வீடும் அப்படித்தான். ஓட்டைக் கூரையை மாற்றிக் கல்வீடு கட்ட வேண்டும் என்று போனாள். வீடு எழும்பிவிட்டது. ஆனால் அவளுக்கு அங்கே விசாப் பேப்பர் சரியாக இல்லை. வெளியே வந்தால் திரும்பிப் போக முடியாது என்று வருடத்துக்கு வருடம் தள்ளிப் போனது. இந்த வருடம்தான் பேப்பர் கிடைத்தது. "டிசம்பர்ல, நத்தாருக்கு வாறன்" என்று சொன்னாள்.

ஒரு மாதம் நின்றுவிட்டுப் போக வருகிறாளா, இல்லை ஒரேயடியாக வருகிறாளா? அவள் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. கேட்பதற்கு எனக்குப் பயமாக இருந்தது, அதுதான் உண்மை. வெளியில் யாராவது கேட்டால் "அவளுடைய விருப்பம்" என்று பெரிய மனிதன் போலச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்தக் கண்காட்சி என்னைச் சும்மா இருக்க விடவில்லை. புத்தளத்துக்குப் போன ஒரு நாள், மணிக்கூடு திருத்துகிறவர்கள் கண்ணில் மாட்டிக்கொள்கிற சின்னக் கண்ணாடி ஒன்றை வாங்கி வந்தேன். அதைப் போனின் கமராவுக்கு முன்னால் வைத்து, காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டரால் ஒட்டினேன். குசினிக்குள் போய் முதலில் கிடைத்த தேங்காய்த் திருவலையை எடுத்தேன். அதன் பல்லைப் படம் பிடித்துப் பார்த்தால் ஏதோ இரும்புக் கோட்டை. அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் முப்பது படம் எடுத்திருப்பேன். கொளுக்கி, சவர்க்காரம், உப்புக் கட்டி, புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டியின் பின்னல், சுவர்ப் பல்லி விட்டுப் போன முட்டை ஓடு.

அடுத்த நாள் உப்பளத்திலும் விடவில்லை. குனிந்து காய்ந்த பாத்தியைப் படம் பிடித்துக்கொண்டிருந்தபோது, கூட வேலை செய்யும் முஸ்லிம் மனிதர் வந்து நின்றார். எனக்கு ஒத்த வயது, ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிடுவோம்.

"என்ன மச்சான், மண்ணுக்கு ஐடென்டி கார்ட் எடுக்கிறீங்களா?"

"பாத்துட்டுச் சொல்லுங்க, இது என்னது?" என்று போனை நீட்டினேன்.

பார்த்தார். "யா அல்லாஹ், இது பாத்தி. வெடிச்சு, ஓரத்துல உப்பு பூத்திரிக்கி. இதக் கூடத் தெரியாட்டி நமக்கு இங்க என்ன வேலை?" என்றார். இருவரும் சிரித்தோம். அந்த ஒரு படத்தில் எங்கள் இரண்டு பேரையும் யாரும் ஏமாற்ற முடியாது என்பதில் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

ஆனால் வீட்டுக்குள் அந்தக் கண்ணாடியோடு திரியத் திரிய, நான் தேடாத ஒன்று அகப்பட்டது. எங்களிடம் நான்கு கதிரைகள். ஒன்றின் இருக்கையில் மட்டும் கீறல். மற்ற மூன்றும் கடையிலிருந்து வந்த மினுமினுப்போடு இருக்கின்றன. ஆறு கோப்பையில் ஒன்றின் விளிம்பு மட்டும் தேய்ந்திருக்கிறது. லைட் சுவிட்சைச் சுற்றிச் சுவரில் விரல் பட்டுப் பட்டுக் கறுத்த அழுக்கு. கிட்டப் பார்த்தால் ஒரே உயரத்தில், ஒரே விரலின் அழுக்கு. அலுமாரியின் இரண்டு கதவில் ஒன்றின் பிடி பளபளக்கிறது, மற்றது மங்கிக் கிடக்கிறது. இந்த வீட்டில் ஒருவன்தான் இருக்கிறான் என்று எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் வீடு அதை இப்படித் துப்புரவாகக் கணக்கில் எடுத்து வைத்திருக்கும் என்று தெரியாது. 

அந்தப் படங்களை யாருக்காவது காட்ட வேண்டும் போலிருந்தது. மனைவிக்கு வட்ஸ்அப்பில் திருவலைப் பல்லை அனுப்பினேன். "இது என்ன, சொல்லு" என்று மட்டும் எழுதினேன். அவள் ஒரு வயதான அம்மாவைப் பார்க்கிற வேலையில் அந்த வீட்டிலேயே தங்கியிருக்கிறாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த அம்மா கண்ணயர்கிற நேரம் இவளுக்கு ஓய்வு. எங்களுக்கு அது பொழுதுபடுகிற நேரம். குரல் பதிவு வந்தது.

"ஐயோ, என்ட திருவலை! இன்னும் அதையா வச்சிரிக்கிறீங்க? ஒரு பல்லு ஒடைஞ்சிரிக்கு, பாத்தீங்களா? அது நான் ஒடைச்சது."

உடைந்த பல்லை நான் கவனித்திருக்கவில்லை. ஒன்பது வருடமாக அதில்தான் தேங்காய் திருவுகிறேன்.

அப்படித்தான் தொடங்கியது. ஒரு நாளைக்கு ஒரு படம். அவள் கொளுக்கியைச் சொன்னாள். நீத்துப்பெட்டியைச் சொன்னாள். மாதா சுரூபத்தின் கால் பெருவிரலை, அதுவும் வெறும் நீலமும் வெள்ளையுமாக இருந்த படத்தை, உடனே சொன்னாள். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. உப்பளத்தில் வெயிலுக்குள் நிற்கும்போதும் இன்றைக்கு எதை அனுப்பலாம் என்ற யோசனைதான். பின்னேரம் ஆறு மணியானால் போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் குசினிக்கும் நடப்பேன். கலியாணம் பேசிய காலத்தில்கூட நான் இப்படி அலைந்ததில்லை.

ஆனால் எனக்கு ஒரு கெட்ட குணம் இருக்கிறது. எது நன்றாகப் போகிறதோ அதைச் சோதித்துப் பார்த்துக் கெடுத்துவிடுவேன். அவள் சரியாகச் சொல்லச் சொல்ல, அவளுக்கு இந்த வீடு மறக்கவில்லை, ஆகவே ஒரேயடியாக வருவாள் என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடத் தொடங்கியது. அவள் பிழைவிட்ட நாளில் அந்தக் கணக்கு மறுபக்கம் சாய்ந்தது. வீடு கூட்டுகிற தும்புத்தடியைப் பார்த்துத் தென்னம்பாளை என்றாள். எனக்கு அன்று முழுக்க மனம் சரியில்லை. பிறகு பிறகு படங்களைக் கடினமாக்கினேன். வேண்டுமென்று வெளிச்சத்தைக் குறைத்து எடுத்தேன். வாயால் கேட்கப் பயந்த கேள்வியைப் பொருட்களை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று இப்போது விளங்குகிறது. அப்போது அதற்கு விளையாட்டு என்று பெயர்.

ஐப்பசி மழை தொடங்கிய சமயம். உப்பளத்தில் வேலை நின்றுபோய், நான் பகலிலும் வீட்டிலேயே கிடந்தேன். அன்று என் தலையணை உறையைப் படம் பிடித்தேன். அவள் போவதற்கு முந்திய மாதம் தன் கையால் தைத்த உறை. ஓரத்தில் சிவப்பு நூலில் சங்கிலித் தையல் போட்டிருந்தாள். தோய்த்துத் தோய்த்து நூல் நரைத்துப்போய்விட்டது. இதை அவள் கட்டாயம் சொல்வாள் என்றிருந்தேன்.

"நாய்க்குப் போட்ட சாக்கா?" என்று பதில் வந்தது. கூடவே சிரிக்கிற முகம் ஒன்று.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது. போனை வாய்க்குக் கிட்ட வைத்துப் பேசினேன். "அது நீ தைச்ச தலகாணி உறை. ஒன்பது வருசமா அதுலதான் நான் தல வைக்கிறன். ஒனக்கு நாய்ச் சாக்காத் தெரியுது. வீட்டையே மறந்தவ இனி வந்து என்ன செய்யப் போறாய்?"

அனுப்பிவிட்டு, அனுப்பியது சரிதான் என்று நினைத்துக்கொண்டு தேத்தண்ணி ஊற்றினேன். பாதி குடிப்பதற்குள் சரியில்லை என்று பட்டது. அழித்துவிடலாம் என்று போனை எடுத்தால், கேட்டதற்கு அடையாளமாக நீலக் கோடு விழுந்திருந்தது.

அவளிடமிருந்து நான்கு நாளாக ஒன்றும் வரவில்லை. நானும் எழுதவில்லை. பிழை என்னுடையது என்று தெரிந்தும் முதலில் வாய் திறக்க மாட்டாத பிறவி நான். மழையில் முற்றத்தில் தண்ணீர் நின்றது. அடுத்த வீட்டில் பிள்ளைகள் சத்தம் போட்டன. நான் வானொலியைப் போடுவேன், நிறுத்துவேன். ஆறு மணியானால் கால் தன்பாட்டில் வாசலுக்குப் போகும். சொந்த வீட்டில் ஒரு மனிதன் இத்தனை தரம் நடந்தால் எங்கேயாவது போய்ச் சேர்ந்திருப்பான்.

ஐந்தாம் நாள் படம் ஒன்று வந்தது. நான் அனுப்பவில்லை, அவள் அனுப்பியிருந்தாள். கீழே, "இது என்ன, சொல்லுங்க."

பார்த்தவுடன் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காய்ந்து வெடித்த மண். வெடிப்புகள் ஒன்றோடொன்று போய்ச் சேருகின்றன, அவற்றின் ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. ஒரு பக்கம் கொஞ்சம் சிவந்த மண். கோபம் ஆறிவிட்டாள், என்னைச் சமாதானப்படுத்த எங்கேயோ தேடி நம்முடைய இடத்துப் படம் ஒன்றை எடுத்து அனுப்பியிருக்கிறாள் என்று நினைத்தேன். எனக்கு மனம் உருகிவிட்டது. வித்துவானிடம் போய்ச் சரிகமபதநி கேட்கிறாயே என்ற பெருமிதத்தோடு எழுதினேன்: "உப்புப் பாத்தி. தண்ணி வடிச்சு மூணு கிழமைக்கு மேல. களி மண், நல்லா மிதிக்காம விட்டிருக்கிறாங்க. புத்தளத்துப் பக்கத்து மண் இல்ல, நம்மட கற்பிட்டிப் பக்கம்."

"இல்ல" என்று வந்தது.

"அப்ப, களப்பு ஓரத்துச் சேறு வத்தினது."

"இல்ல."

"இறால் பண்ணைக் குளம். தண்ணி எறைச்சுக் காய விட்டது." இதற்கு மேல் ஒன்றும் இருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். இருபத்தைந்து வருடம்.

இந்த முறை ஓம் என்று வரும் என்று காத்திருந்தேன். பிறகு, "அது என்ட கை. வலது உள்ளங்கை."

நான் படத்தைத் திரும்பத் திறந்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன். அப்போதும் எனக்கு அது மண்ணாகத்தான் தெரிந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. உடனே வீடியோ கோல் எடுத்தேன்.

அவளுடைய முகம் வந்தது. ஒன்பது வருடமாக அந்த முகத்தைத்தான் பார்க்கிறேன். போனை எதிலாவது சாய்த்து வைத்துவிட்டுப் பேசுவாள், கழுத்துக்குக் கீழே எதுவும் தெரியாது. அதை நான் யோசித்ததும் இல்லை. "கையைக் காட்டு" என்றேன். காட்டினாள். விரல் மடிப்புகளெல்லாம் வெடித்து, பக்கங்கள் உரிந்து வெள்ளையாய் நின்றன. கலியாண மோதிரம் போடுகிற விரலில் மோதிரம் இல்லை.

"மோதிரம்?"

"கழட்டித்தான் வச்சிரிக்கிறன். போட்டா அதுக்குக் கீழ புண்ணாகுது. எந்த நேரமும் தண்ணிக்குள்ள, கழுவுற மருந்துக்குள்ள. கையுறை போட்டா இன்னும் அரிக்குது."

"ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல்லையே" என்றாள். அவள் குரலில் சண்டை இல்லை, அதுதான் என்னைச் சுட்டது. "சாப்பிட்டியா, குளிரா எண்டு கேப்பீங்க. மூணு மாசமா திருவலையக் கேட்டீங்க, கொளுக்கியக் கேட்டீங்க. நானும் பொறுத்துப் பாத்தன், ஒரு நாளைக்காவது என்னைக் கேப்பீங்களா எண்டு."

அவள் கையை இறக்கிக்கொண்டாள்.

"டிக்கட் எடுக்கப் போன இடத்துல, இங்க திரும்பி வாறதுக்கும் சேத்தா எண்டு கேட்டாங்க. மனிசனக் கேட்டுட்டுச் சொல்லுறன் எண்டன். அண்டைக்கு ஒங்களிட்டக் கேக்கத்தான் இருந்தன். அதுக்குள்ள இனி வந்து என்ன செய்யப் போறாய் எண்டு சொல்லிட்டீங்க. அடுத்த நாள் போய் ரெண்டுக்கும் சேத்து எடுத்துட்டன். ஒரு மாசம்."

அவ்வளவுதான். நான் மாதக்கணக்கில் கேட்கப் பயந்த கேள்விக்கு அவளிடமும் பதில் இருக்கவில்லை. அது என்னிடம்தான் இருந்திருக்கிறது. நான் அதைக் கோபத்தில் கொடுத்துவிட்டேன்.

"மாத்த ஏலாதா?" என்றேன்.

"ஏலும். என்னத்துக்கு மாத்த?"

எனக்கு முதலில் வாயில் வந்தது வீடுதான். மழைக்கு முற்றத்தில் தண்ணீர் நிற்கிறது, மூன்று கதிரை புதிதாகக் கிடக்கிறது, இப்படியெல்லாம். விழுங்கிக்கொண்டேன். "நீ இல்லாம எனக்கு ஏலாது. வா. வந்து இரு" என்றேன். கலியாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவளிடம் அப்படி நான் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லும்போது எனக்கே குரல் யாருடையதோ போலிருந்தது.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் அந்தப் பக்கம் மணி ஒன்று கிலுகிலுத்தது. "பொறுங்க, அந்த அம்மா எழும்பிட்டா" என்று போனைக் கட்டிலில் போட்டுவிட்டு எழுந்து போனாள்.

போன் மல்லாக்கக் கிடந்தது. எனக்குக் கூரை தெரிந்தது. வெள்ளைக் கூரை, நடுவில் நீளமாக ஒரு வெடிப்பு, ஒரு மூலையில் ஈரம் ஊறிய மஞ்சள் கறை. ஒன்பது வருடமாக அவள் மல்லாந்து படுத்தால் காண்பது இதைத்தான். நான் இப்போதுதான் முதல் தரம் பார்க்கிறேன். நிறுத்த மனம் வரவில்லை. காதைக் கூர்மையாக்கிக்கொண்டு இருந்தேன். செருப்புச் சத்தம், கதவு, ஒரு கட்டில் முனகுவது கேட்டது. அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆனால் அந்த வயதான அம்மாவின் குரல் என் மனைவியின் பெயரைச் சொன்னது. எங்கள் வாயில் வராத ஒரு இழுவையோடு, சந்தோசமாக, இரண்டு தரம் சொன்னது.

கால்மணி நேரம் கழித்து முகம் திரும்ப வந்தது. கண் சிவந்திருந்தது. "இன்னும் போனை வைக்கலையா நீங்க?"

"நீ வாயே தொறக்கல. அவ எப்பிடி ஒன்ட பேரைச் சொன்னா?"

"அவக்கு ரெண்டு கண்ணும் தெரியாது. நான் கையில கை வச்சா, நான் எண்டு அறிஞ்சிடுவா. வேற ஆக்கள் வச்சா தள்ளிவிட்டுடுவா" என்றாள்.

டிக்கட்டைப் பற்றி அதற்குப் பிறகு அவளும் பேச்செடுக்கவில்லை, அந்தக் கையைத் தேடுகிற ஒருத்தி அங்கே இருக்கிறாள் என்று தெரிந்தபின் மாற்றச் சொல்லி இன்னொரு தரம் கேட்க எனக்கும் வாய் வரவில்லை. நத்தாருக்கு இன்னும் ஐந்து கிழமை இருக்கிறது. பின்னேரம் ஆறு மணிக்கு அவள் கோல் எடுப்பாள். பேச முதல் கையைக் காட்டு என்பேன், காட்டுவாள். இரண்டு கையையும் நான் பார்த்துப் பாடமாக்கிக்கொண்டு வருகிறேன்.